மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டில் மளிகை இருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். எவ்வளவு அரிசி வாங்குவது, வண்டு வந்தால் என்ன செய்வது, இப்படிச் சேர்த்து வைப்பது சரிதானா என்று ஆளுக்கொரு கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் அடிபடும் சென்னை, கடலோர, டெல்டா, தென் மாவட்டக் குடும்பங்களை மனதில் வைத்து அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தெருமுனையிலேயே கடை இருக்கிறது. எதற்காக வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும்?

அந்தக் கடையில் இருப்பதே சில நாளைக்கான சரக்குதான். சென்னைக்கு வரும் காய்கறி ஆந்திரா, கர்நாடகா, நீலகிரி, ஓசூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களிலிருந்து இரவோடு இரவாக லாரியில் கோயம்பேடு வந்து இறங்குகிறது. பெரிய வெங்காயம் மகாராஷ்டிராவிலிருந்து வருகிறது. துவரம் பருப்பில் ஒரு பங்கு கடல் கடந்து ஆப்பிரிக்காவிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வருகிறது. நடுவில் ஒரு பாலத்தில் தண்ணீர் ஏறினால் போதும், மறுநாளே அண்ணாச்சி கடையில் கூடைகள் காலியாகிவிடும். நாட்டில் அரிசிக்குப் பஞ்சமே இல்லாத நாளிலும் நம் தெருவில் தட்டுப்பாடு வரும்.

இதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்குப் போனது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, மின்சாரம் இல்லாததால் கார்டு மெஷினும் ஓடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் தண்ணீரில் நின்றன. அடுத்த இரண்டு வாரத்துக்குள் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சாப்பாட்டுக்குத் தவித்தார்கள்.

எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்?

நகரத்தில் ஒரு வாரம். கடலோரத்திலும் டெல்டாவிலும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை மரங்கள் விழுந்து கிராமச் சாலைகள் அடைந்துபோயின. உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் இருப்பு எந்த மூலைக்கு?

அதற்கு மேல் மாதக்கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சேர்த்த பொருள் நம் கண்ணெதிரிலேயே கெட்டுப்போகும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்று கணக்குப் போடுங்கள். நான்கு பேருக்கு வாரத்துக்கு எட்டரை கிலோ வரும். 10 கிலோ இருந்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு படி கொடுக்கலாம். பருப்பு வகை எல்லாம் சேர்த்து 2 கிலோ, சமையல் எண்ணெய் ஒரு லிட்டர், கோதுமை ரவையோ வறுத்த சேமியாவோ ஒரு கிலோ, அவல் ஒரு கிலோ, பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் அரை அரை கிலோ. சர்க்கரை அல்லது வெல்லம் ஒரு கிலோ. புளி, உப்பு, மிளகாய், மஞ்சள் தூள் எல்லாம் வழக்கமாக வீட்டில் இருப்பதே போதும்.

கடைக்குப் போகும் முன் ஒன்றை யோசித்துவிடுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் கிரைண்டரும் மிக்ஸியும் ஓடாது. உளுந்து எத்தனை கிலோ இருந்தாலும் இட்லி, தோசை கிடையாது. சட்னியும் கிடையாது. அதனால் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றை மழைக்கு முன்பே செய்து பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். சூடான சோறும் பருப்புப் பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இருந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிடுவார்கள். மின்சார ரைஸ் குக்கரையே நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பில் வைக்கும் குக்கர் ஒன்று இருக்கட்டும். அதன் கேஸ்கட்டும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எது முதலில் தீர்ந்துபோகும்?

பால். ஒவ்வொரு தடவையும் பால்தான். மற்ற சரக்கு ஒரு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலும் சமாளிக்கலாம். பால் தினமும் வந்தாக வேண்டும். மிக்ஜாமின்போது பால் வரத்து சீராகப் பல நாள் பிடித்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது எப்படிப்பட்ட தவிப்பு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு கிலோ பால் பவுடரில் ஏறக்குறைய 8 லிட்டர் பால் கலக்கலாம். பெரிய டப்பாவாக ஒன்று வாங்குவதைவிடச் சிறு பாக்கெட்டுகளாக வாங்குங்கள். திறந்து வைத்த பவுடர் மழைக்காலத்தில் கட்டி பிடித்துவிடும். டெட்ரா பேக் பாலும் நல்ல துணைதான், பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் தேவையில்லை. பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், கெட்டுப்போகும். அதனால் 200 மி.லி. பாக்கெட்டே உத்தமம்.

பாலுக்கு அடுத்து பிரெட், முட்டை, மெழுகுவத்தி, கொசுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் மாயமாகும். அரிசி கடைசியில்தான் தீரும். ஆனால் பதற்றத்தில் எல்லோரும் முதலில் தூக்குவது அரிசி மூட்டையைத்தான்.

கேஸ் தீர்ந்துவிட்டால்?

என்னைக் கேட்டால் அரிசியைவிட அடுப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் நான்கு பேர் குடும்பத்துக்கு ஒன்றரை மாதம் வரும். அது எப்போது தீரும் என்பது நம் கையில் இல்லை. வெள்ளம் நிற்கும் தெருவுக்குள் சிலிண்டர் வண்டி வராது. இரட்டை சிலிண்டர் இணைப்பு இருப்பவர்கள் காலியானதை அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் தள்ளிப்போடவே கூடாது. ஒற்றை சிலிண்டர் வீடுகளுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்று கை கொடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பை மாற்று வழியாக எண்ணாதீர்கள். மழை வலுத்தால் முதலில் போவது மின்சாரம்தான்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். மிதந்துபோய் எதிலாவது இடித்தால் ஆபத்து.

அடுப்பே மூட்டாமல் என்ன சாப்பிடலாம்?

அவல்தான் கண்கண்ட துணை. அது ஏற்கெனவே வெந்த அரிசி, நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தது. சிவப்பு கெட்டி அவலைக் கழுவி, அது மூழ்கும் அளவுக்குக் குடிநீர் விட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால் விரலால் நசுக்கும்போது நடுவில் முரடு இருக்காது. அந்தப் பதத்தில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் காலை உணவு. புளிக்காய்ச்சல் பிசைந்தால் மதியச் சாப்பாடு. மெல்லிய அவலுக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் அது சீக்கிரம் குழைந்துவிடும். தயிர் இருந்தால் அதிலேயே ஊறவைக்கலாம்.

பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சத்துமாவை முன்கூட்டியே வறுத்து அரைத்து வைத்திருந்தால் வெல்லமும் கொஞ்சம் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்துவிடலாம்.

தண்ணீர் எவ்வளவு?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டரை. மூன்று கேன் நிரம்பியிருந்தால் நிம்மதி. புயல் எச்சரிக்கை வந்ததும் குடம், அண்டா, குக்கர், எவர்சில்வர் தூக்கு என்று மூடியுள்ள பாத்திரம் எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். கழிவறைக்கு வாளிகளில் தனியாகப் பிடிக்கலாம்.

சென்னை வீடுகளில் மோட்டாரை விட சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, பெரிய கவலை. தெருவில் நிற்கும் தண்ணீர் சாக்கடையோடு கலந்து சம்ப் மூடி வழியாக உள்ளே இறங்கிவிடும். மேலே பார்க்கத் தெளிந்திருந்தாலும் அதைக் குடிக்கவோ அதில் அரிசி களையவோ கூடாது. வெள்ளம் வடிந்த பிறகு முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகே நிரப்ப வேண்டும். வேறு வழியில்லாமல் சந்தேகமான தண்ணீரைக் குடிக்க நேர்ந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள். மாநகராட்சி ஊழியர்கள் கொடுக்கும் குளோரின் மாத்திரையை உறையில் போட்டிருக்கும் அளவுப்படி மட்டும் போடுங்கள்.

அரிசியிலும் பயறிலும் வண்டு வருகிறதே, எப்படிக் காப்பது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதிப்பேர் இருப்பு வைப்பதையே கைவிடுவது வண்டுக்குப் பயந்துதான்.

அரிசி வண்டு டப்பாவுக்குள் வெளியிலிருந்து பறந்து வந்ததாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது கடையிலேயே அரிசிக்குள் முட்டையாக இருந்திருக்கும். பெண் வண்டு அரிசியில் துளை போட்டு முட்டை வைத்து, அந்தத் துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வாங்கும்போது சுத்தமாக இருந்த மூட்டையில் நான்காவது வாரம் திடீரென்று வண்டு தெரிவது அதனால்தான்.

பயறு வண்டு வேறு ரகம். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். பயறின் தோல்மேல் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. வட்டமாக ஓட்டை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டு முழுப் பயறைத்தான் அதிகம் விரும்பும். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் தொல்லை குறைவு. அதனால் இருப்புக்கு முழுத் துவரையைவிடத் துவரம் பருப்பும், முழுப் பயறைவிடப் பாசிப்பருப்பும் நல்லது.

வழிமுறைகளில் முதலாவது ஈரத்தைப் போக்குவது. பருப்பையும் பயறையும் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் டப்பாவின் உள்பக்கம் வியர்த்து அதுவே பூஞ்சைக்கு வழி செய்யும். அரிசியை உச்சி வெயிலில் போட்டால் குருணையாக உடையும், நிழலில் காற்றாடப் பரப்பினால் போதும். ஃபிரீசரில் இடம் இருந்தால் ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட்டுகளாக நான்கு நாள் வைத்து எடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்ததும் பாக்கெட்டைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, வெளியே படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு டப்பாவில் கொட்டுங்கள்.

முழுப் பயறுக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் புரட்டி வைப்பது நம் வீடுகளில் காலம்காலமாக இருக்கும் பழக்கம். விளக்கெண்ணெய்தான் வழக்கம், மற்ற சமையல் எண்ணெயும் வேலை செய்யும். முட்டை பயறின்மேல் ஒட்டுவதையும் பொரிவதையும் எண்ணெய்ப் பூச்சு தடுக்கிறது. கரிசல் பக்கம் துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்துக் குலுக்கையில், அதாவது மண்ணால் செய்த தானியக் குதிரில், போடுவார்கள். வருஷம் முழுவதும் பருப்புக்குக் கவலை இருக்காது. வேப்பிலை, நொச்சி, வசம்பு, வரமிளகாய் எல்லாம் புதிய பூச்சி வருவதைக் கொஞ்சம் தடுக்கும். ஏற்கெனவே அரிசிக்குள் இருக்கும் புழுவை அவை கொல்லாது. வசம்பைத் துணியில் முடிந்துதான் போட வேண்டும், பொடித்துத் தூவக் கூடாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப்பொறிக் குழாய் ஒன்று இருக்கிறது. துளைகள் உள்ள அந்தக் குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்து அடியில் சிக்கிக்கொள்ளும். மூட்டைக் கணக்கில் வைப்பவர்களுக்கு மிகவும் உதவும்.

பூஞ்சை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேர்க்கடலையிலோ மக்காச்சோளத்திலோ மிளகாய் வற்றலிலோ பூசணம் தெரிந்தால் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பூசணம் விடும் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது.

குடோனில் போடும் மாத்திரையை வீட்டு அரிசி டப்பாவில் போடலாமா?

கூடவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் உயிரைக் கொல்லும் வாயுவை வெளிவிடும். மூடிய வீட்டில் அந்த வாயு பரவிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பயிற்சி பெற்றவர்கள், ஆட்கள் வசிக்காத கிடங்கில் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. தெரிந்தவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். போரிக் பவுடர் கலந்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சின்ன வீட்டில் எங்கே வைப்பது?

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒரே விதிதான்: இடுப்புக்கு மேலே. அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரிதான் வெள்ளத்தில் முதலில் நனையும். பரண், அலமாரியின் மேல்தட்டு, பீரோவின் தலை எல்லாம் பயன்படும். பெரிய டிரம்மில் மொத்தமாகக் கொட்டாமல், தூக்கிக்கொண்டு மாடியேறக்கூடிய 3 கிலோ, 5 கிலோ டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பிக்கும். மூடியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள், பழையதை முன்னால் தள்ளுங்கள்.

இருப்பு அரிசி என்று தனியாக ஒன்று வேண்டாம். தினமும் பொங்கும் அதே அரிசியில் 10 கிலோ கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவே. முன்னாலிருந்து எடுத்துச் சமைத்து, வாங்குவதைப் பின்னால் வைத்துக்கொண்டே போனால் எதுவும் பழசாகாது.

காய்கறிக்கு என்ன வழி?

கீறாத முழுப் பூசணி, பரங்கி, சேனை, கருணை, உருளை, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரை வற்றல்களும் மோர்மிளகாயும் பங்குனி சித்திரை வெயிலில் போட்டவை இருந்தால் கைகொடுக்கும். கருவாடு சாப்பிடும் வீடுகளுக்கு அதுவே பெரிய பலம்.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜில் இருப்பது?

கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃபிரீசர் இரண்டு நாள், பாதி நிரம்பியது ஒரு நாள். அதற்குப் பிறகு பால், இறைச்சி, மீன், சமைத்த குழம்பு எதையும் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில்?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். நிவாரணத்தில் யாராவது பால் பவுடர் டப்பா கொடுத்தார்கள் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கும் பவுடர் பால்தான் வயிற்றுப்போக்குக்கு வாசல். ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதே பவுடரை இரண்டு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் பத்தாவது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவு மாறக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போவது ஆபத்து. அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்க வேண்டும். இன்சுலின் குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிப் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தால் மின்சாரம் இல்லாத நாள்களைத் தாண்டிவிடலாம். பிரஷர், இதயம், தைராய்டு மாத்திரைகள் மழை மாதங்களில் எப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். பெற்றோரிடம் நீங்களே கேட்டு எண்ணிப் பாருங்கள், பல வீடுகளில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி வாங்கி வைப்பது பதுக்கல் ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்வி இது. 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் இருப்பு வரம்பு வைப்பது வியாபாரிகளுக்கு. வீட்டுத் தேவைக்கு வாங்கும் 10 கிலோ அரிசி அதில் வராது. சட்டத்தை விடுங்கள். மனசாட்சிக்கு என்ன பதில் என்பதுதான் எனக்கு முக்கியம்.

எவ்வளவு வாங்குகிறோம் என்பதோடு எப்போது வாங்குகிறோம் என்பதையும் பாருங்கள். செப்டம்பரில் கடையில் சரக்கு குவிந்து கிடக்கும்போது நீங்கள் மாதம் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினால் யாருடைய பங்கும் குறைவதில்லை. கடைக்காரர் அடுத்த லோடில் நிரப்பிக்கொள்வார். ரெட் அலர்ட் வந்த மாலையில் அதே இரண்டு கிலோவுக்குப் பதில் இருபது கிலோ தூக்கினால், இரவு ஏழு மணிக்குக் கூலி வாங்கிக்கொண்டு அன்றைய சமையலுக்கு அரைக்கிலோ பருப்பு வாங்க வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. அவரால் நேற்றே வாங்கியிருக்க முடியாது, நேற்று அவரிடம் பணம் இல்லை. முன்கூட்டியே இருப்பு வைத்த குடும்பம் அந்த மாலையில் கடைக்கே போகத் தேவையில்லை. வரிசையில் ஓர் ஆள் குறைவு. நான் ஊரெல்லாம் இதை வலியுறுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

பதற்றத்தில் வாங்குவது என்ன செய்யும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி கடைகளில் கூட்டம் அலைமோதியது, இடைவெளி விட்டு நிற்க வேண்டிய நாளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான்கே நாளுக்கான சாமான் முன்பே வீட்டில் இருந்திருந்தால் அத்தனை பேர் அன்று வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று அமெரிக்காவில். 2023 ஜூலை 20 அன்று இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அங்குள்ள இந்தியக் கடைகளில் நம்மவர்கள் வண்டி வண்டியாக மூட்டைகளை அள்ளினார்கள். கடைகள் ஆளுக்கு ஒரு மூட்டை என்று வரம்பு வைக்க வேண்டிவந்தது. அந்தத் தடை பச்சரிசிக்குத்தான் இருந்தது, புழுங்கல் அரிசிக்கு இருக்கவில்லை. இட்லிக்கும் சோற்றுக்கும் புழுங்கலையே பயன்படுத்தும் தமிழ்க் குடும்பங்கள் செய்தியை முழுவதும் படித்திருந்தால் அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

மொத்தமாக வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

மொத்தமாக வாங்கவே வேண்டாம். ஆடியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் மூன்று மாதம் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் அதை விடாமல் வாங்கி, இரண்டு கிலோ அரிசியையும் அரைக் கிலோ பருப்பையும் ஒதுக்கினாலே கார்த்திகைக்குள் ஒரு வாரச் சாப்பாடு சேர்ந்துவிடும். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போடும் பிடியரிசிப் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதுவே போதும்.

பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் டப்பாவில் இருக்கட்டும். மின்சாரமும் செல்போன் டவரும் போன நாளில் ஜிபே வேலை செய்யாது.

எதை அதிகம் வாங்கக் கூடாது?

கம்பு மாவு வாரக்கணக்கிலேயே கசந்துவிடும், தானியமாக வைத்துத் தேவைக்கு அரையுங்கள். கைக்குத்தல் அரிசியும் பாலிஷ் அரிசி அளவுக்குத் தாங்காது. எண்ணெயை 15 லிட்டர் டின்னாக வாங்கித் திறந்து வைத்தால் சிக்கு வாடை வரும். வீட்டில் யாரும் சாப்பிடாத டின் உணவுகளையும் ஓட்ஸையும் யாரோ சொன்னார்கள் என்று வாங்காதீர்கள்.

இலங்கையில் வந்ததுபோல மாதக்கணக்கில் தட்டுப்பாடு வந்தால்?

அதற்கு வீட்டு இருப்பு ஈடுகொடுக்காது என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்டு, கேஸும் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காமல் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கொழும்பு மாடி வீடுகளில் விறகடுப்பு வைத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் அனுப்ப முடிவெடுத்து, முதல் கப்பல் அந்த மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பியது. அதற்கு முன், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்கள் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் புழுக்கொடியலும் அவர்களுக்குச் சோறாக நின்றன. அத்தகைய காலத்தில் காப்பாற்றியது அலமாரி இல்லை. முற்றத்து முருங்கையும் பனையும், பகிர்ந்து உண்ட அயலும், வெளியிலிருந்து வந்த உதவியும்தான். வீட்டருகே நாலடி மண் இருந்தால் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த மளிகையைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

வெள்ளத் தண்ணீர் பட்ட அரிசி, பருப்பு, மாவு, மசாலா எதையும் வேண்டாம். அது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை, சாக்கடையும் கலந்தது. மூட்டையின் அடிப்பாகம் மட்டும்தானே நனைந்தது என்று மேல்பாகத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஈரம் மேலேயும் ஏறியிருக்கும். திருகுமூடி போட்ட பாட்டிலையும் நம்ப முடியாது. நெளியாத, துருப்பிடிக்காத, சீல் உடையாத டின்களை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம்.

மழை முடிந்ததும் மிச்சத்தை என்ன செய்வது?

தை பிறந்ததும் புதிதாக மளிகை வாங்குவதைக் குறைத்து இருப்பைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். அவலும் பால் பவுடரும் முதலில் தீரட்டும், பிறகு ரவை, சேமியா, பிறகு பருப்பு. டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வந்திருக்கும். அதைப் பொங்கலுக்கு வாங்கலாம், இருப்புக்கு வேண்டாம். ஈரப்பதம் கூடுதலாக இருக்கும், சோறும் குழையும். டப்பாக்களைக் கழுவி, மாசி வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். மூடி இடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய மாவைப் பிரஷ் வைத்துச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அடுத்த வருஷத்து வண்டு அங்கிருந்துதான் கிளம்பும்.